ஆறாவது கட்டம்

எரிகல் ஓநாய் முதலில்.
அதில் பேச்சுக்கே இடமில்லை.
அடிக்க ஒன்று வேண்டும்,
அடி வாங்க ஒன்று: இரும்பு நத்தை.
மின்னல் விழுந்தால் அப்படியே விழுங்கிவிடச்
சேற்றுக் கெளுத்தி.
கூட்டத்துக்கே காலில் சக்கரம் கட்டிவிட மணிப்புறா.
தூங்கவைக்கப் பூஞ்சைக்குட்டி.
ஐந்து.

ஹகோடாடேயில் நள்ளிரவு தாண்டியும் பனி.
கணவாய்த் தொழிற்சாலையில் மாலைமுறை முடிந்து
எத்தனை தேய்த்தும் விரலிடுக்கை விட்டுப் போகாத வாடையோடு
பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
எதிரே தெப்பெய், கால்குலேட்டரோடு.
தெருவோரக் குளிர்பான இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன்.
எதைத் திறந்தாலும்
எங்கே ஒழுகுகிறது என்றுதான் முதலில் பார்ப்பான்.

"பனி அடித்தால்?"
ஓநாய் இருக்கிறதே.
"ஓநாய் மேல் வெள்ளம் வந்தால்?"
பூஞ்சை குடித்துவிடும்.
"பூஞ்சை மேல் தீ?"
கெளுத்தி.
"கெளுத்தி மேல்..."
தலைக்கு இழுத்தால் கால் வெளியே,
காலுக்கு இழுத்தால் தலை வெளியே.
ஐந்து பேருக்கு ஒரு போர்வை.

புள்ளிகளைப் பங்கிட்டோம்,
சம்பளக் கவரைப் பிரிக்கிற மாதிரி.
வேகத்தில் நான்கைக் கழித்துத் தோலுக்கு நான்கு.
பிறகு தோலிலிருந்து பிடுங்கி
வேகத்துக்கே ஒன்று.
ஏனென்றால் எவனோ ஒருவன் இந்நேரம்
இதே ஓநாயை மடியில் வைத்துக்கொண்டு
இதே ஒன்றைக் கூட்டிக்கொண்டிருப்பான்.

மணி நாலு.
ரயில் ஆறுக்கு.
ஆறாவது கட்டம் காலி.
ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று
முந்தாநாள் குகையில் சும்மா பிடித்துப்போட்ட
நிலா வௌவாலை அதில் தொங்கவிட்டேன்.

நிலா வௌவாலைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்:
அது தலைகீழாய்த் தொங்கி ஒரு சத்தம் போட்டால்
ஐந்து முறைக்கு எல்லாமே தலைகீழ்.
மெதுவானது முந்தும்.
ஓநாய்கள் நிற்க, நத்தை பாயும்.

என் வௌவாலுக்கு அது வராது.
நிலை போதாது.
கடிக்கும். கொஞ்சம் கீச்சிடும்.

சப்போரோ அரங்கில் ஈரக்கோட்டு வாசனை.
மூன்றாம் சுற்றில் நாகாமினே என்றொருவர்,
தபால் பிரிக்கிறவர்,
கட்டைவிரலில் ரப்பர் உறையைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.
ஆறைக் காட்டி நாலை இறக்க வேண்டும்.
தொண்ணூறு நொடி.
அவர் பார்வை வௌவாலில் போய் நின்றது.
அப்புறம் நகரவில்லை.

தன் பருந்தை, அந்த மைதானத்திலேயே வேகமான பருந்தை,
வெளியே வைத்துவிட்டார்.
மந்தமானவற்றையே இறக்கினார்.
முதல் முறை தற்காப்பு.
இரண்டாம் முறையும் தற்காப்பு,
வராத வௌவாலுக்கு.
நடுவில் என் ஓநாய் நிதானமாக எரித்துக்கொண்டிருந்தது.

கைகுலுக்கியபோது கேட்டார்:
"ஏன் அதை இறக்கவேயில்லை?"
"அதற்கு அந்த வித்தை தெரியாதுங்க."
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.
பிறகு சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்க.
உறையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாலாம் சுற்றில் நசுனா.
நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை.
அவளுடைய ஆறும் நீலம்.
ஆறுமே நீர்.
பல்லிடுக்கில் விழுந்த பாசிகூட இல்லை, வேறு நிறத்துக்கு.
"நீலம் பிடிக்கும்," என்றாள்.
வௌவாலை அவள் பார்க்கவே இல்லை.
தெரியாதவளை எதைக் காட்டிப் பயமுறுத்துவது?
இத்தனை நீலத்தில் ஏதோ சூழ்ச்சி இருக்கும் என்று
வெள்ளத்தைக் குடிக்கிற பூஞ்சையை
நான்தான் வெளியே உட்காரவைத்தேன்.
சூழ்ச்சி ஒன்றுமில்லை.
வெள்ளம்தான் வந்தது.

திரும்பும் ரயிலில் தெப்பெய் தூங்கினான்,
கால்குலேட்டர் நழுவி இருக்கையடியில்.
ஜன்னலில் விரிகுடா, அவளுக்குப் பிடிக்கிற நிறத்தில்.
வௌவாலைப் பொழுதுபோக்காய் ஒரு புதரில் இறக்கினேன்.
எதையோ கடித்தது. நிலை ஏறியது.
திரை கேட்டது:
புதிய வித்தை ஒன்றைக் கற்க விரும்புகிறது.
கற்பிக்கவா?

கணவாய்த் துண்டை மென்றபடி
இரண்டு நிலையம் கடக்கும்வரை
அந்தக் கேள்வியை மின்னவிட்டேன்.